கஞ்சா வழக்கு: மகனுக்குச் சிறையா, சிகிச்சையா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. போன மாதம் 40 கிராம் கஞ்சாவோடு பிடித்து வழக்குப் போட்டுவிட்டார்கள். ஜாமீனில் வந்திருக்கிறான். மூன்று வருடமாகவே பழக்கம் இருந்தது இப்போதுதான் தெரிகிறது. "ஃபைன் கட்டி முடித்துவிடலாம்" என்கிறார் ஒருவர். "60,000 ரூபாய் கொடுங்கள், மறுவாழ்வு மையத்தில் சேர்த்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், கேஸ் தானாகப் போய்விடும்" என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
– பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: இரண்டு பேரையும் நம்பாதீர்கள் அம்மா. இருவருமே பாதி உண்மையைச் சொல்கிறார்கள், அதுதான் ஆபத்து.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்றுதான் சட்டம் கணக்கிடுகிறது. 40 கிராம் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. பத்து வருடம், இருபது வருடம் என்று காதில் விழுவதெல்லாம் வியாபார அளவில், அதாவது 20 கிலோவுக்கு மேல் கடத்துபவர்களுக்கு. உங்கள் மகன் வழக்கில் அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கேதான் அந்த 'ஃபைன்' ஆலோசனை நுழைகிறது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நிஜம்தான். ஆனால் அப்படி வரும்போது அவன் தண்டிக்கப்பட்ட குற்றவாளியாக வருகிறான். பாஸ்போர்ட், அரசு வேலை, கம்பெனிகள் கேட்கும் போலீஸ் சரிபார்ப்பு என்று எல்லா இடத்திலும் அது நிற்கும். இன்னொரு முறை மாட்டினால், பழைய தண்டனையைக் காட்டியே கூடுதல் தண்டனை கேட்பார்கள். அரை நாளில் முடிந்தது என்று நிம்மதியாகப் போன குடும்பங்கள் நாலு வருடம் கழித்து என்னிடம் வந்து அழுதிருக்கின்றன. அப்போது என்னால் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம்.

சரி, சிகிச்சை வழி என்ன? போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு வழக்கில், தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அவர் மேல் வழக்கு நடத்துவதிலிருந்தே விலக்குக் கேட்கலாம். 2001-ல் கொக்கைன் வழக்கில் கைதான இந்தி நடிகர் ஃபர்தீன் கானுக்கு 2012-ல் விலக்குக் கிடைத்தது இதே பிரிவில்தான். மும்பை நடிகருக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. பாலக்கோட்டுப் பையனுக்கு ஸ்டேஷனிலும் சொல்வதில்லை, ரிமாண்டின்போதும் சொல்வதில்லை. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு காலமாக இருக்கிற ஒரு வழியை எஃப்ஐஆர் நகலோடு ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

39 என்று இன்னொரு பிரிவும் உண்டு. அது குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்புவது. ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுத்து, ஒரு வருடத்துக்குள் சிகிச்சை அறிக்கையைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அது இரண்டாவது கதவு. நீங்கள் முதல் கதவைத் தட்டுங்கள்.

இப்போது அந்த 60,000 ரூபாய்க்காரர். நான் நடத்திய ஒரு வழக்கில், 90 நாள் உள்நோயாளியாக இருந்ததாக ஒரு மையம் சான்றிதழ் கொடுத்திருந்தது. அதே 90 நாளுக்குள் பையன் வாய்தாவுக்கு வந்து கோர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான்! அரசு வழக்கறிஞர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். உண்மையிலேயே அடிமையாகி, உண்மையிலேயே சிகிச்சை தேவைப்பட்ட பையன் அவன். பொய்ச் சான்றிதழால் உண்மையும் போனது.

மையத்தின் சுவரில் ஐஎஸ்ஓ சான்றிதழ், டிரஸ்ட் பதிவு, பெரிய மனிதர்களோடு எடுத்த போட்டோ எல்லாம் மாட்டியிருப்பார்கள். எதுவும் அங்கீகாரம் ஆகாது. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, போதை சிகிச்சைக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நகல் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரியில் வேன் அனுப்பித் தூக்கிப் போவது, ஆறு மாதம் பெற்றவர்களைப் பார்க்க விடாதது, சங்கிலியால் கட்டுவது எதுவும் சிகிச்சை இல்லை. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவதே குற்றம். அதோடு, 'தானாக முன்வந்து' என்றுதான் 64-ஏ சொல்கிறது. தூக்கிக்கொண்டு போனவனை எப்படித் தானாக வந்தான் என்று நான் வாதாடுவது?

எதற்கு இந்த வம்பு? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கஞ்சாவை விட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. அப்போது திட்டாதீர்கள். ஓ.பி. சீட்டு, மாத்திரைச் சீட்டு, டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மூன்று வருடப் பழக்கம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்போதாவது இழுத்தவனுக்கு 64-ஏ பிரிவு இல்லை, அடிமையானவனுக்குத்தான். மானத்துக்குப் பயந்து "ஒரே ஒரு தடவைதான் சார்" என்று எழுத வைத்தால் அந்தத் தாளே நமக்கு எதிராகப் பேசும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் கொடுத்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஊர்த் திருவிழா, தங்கச்சி கல்யாணம், கம்பெனியில் லீவு இல்லை என்று பாதியில் கூட்டி வந்துவிடாதீர்கள். டாக்டர் போகலாம் என்று எழுதிய பிறகுதான் வர வேண்டும். அப்புறம் ஓ.பி.க்கு வரச்சொன்ன தேதியும் சிகிச்சையில் சேர்ந்ததுதான், அதை விட்டால் விட்டதுதான். நடுவில் மறுபடி புகைத்துவிட்டால்? அது இந்த நோயில் நடக்கிற ஒன்று. அதே டாக்டரிடம் அதே வாரம் போய்ச் சொல்லி, சீட்டில் எழுத வையுங்கள். மறுபடி புகைத்ததும் சிகிச்சையைக் கைவிட்டதும் ஒன்றல்ல. ஆனால் ஒளித்து வைத்தால் கோர்ட்டுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். 15100-க்கும் பேசலாம். போதை சிகிச்சை பற்றிக் கேட்க 14446. இரண்டும் இலவச எண்கள். வாசலில் டீக்கடையில் "நான் பார்த்துக்கிறேன்" என்று வருகிறவர் சட்ட உதவி ஆள் இல்லை.

அடுத்த வாய்தாவில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கலாம். பக்கத்தில் யாராவது "ஆமான்னு சொல்லுப்பா, சீக்கிரம் போயிடலாம்" என்று கிசுகிசுப்பார்கள். வக்கீலிடம் பேச அவகாசம் வேண்டும் ஐயா என்று மட்டும் உங்கள் மகன் சொல்லட்டும். அந்தச் சிகிச்சைப் பையோடு 64-ஏ மனுவை வக்கீல் போடுவார்.