நெபுலா, கேலக்ஸி, விண்மீன் கூட்டம் படமெடுப்பது: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மங்கலான, தொலைவான சமாச்சாரங்கள் பற்றி மட்டும் கேளுங்கள். நிலா, கோள்கள் வேறு வித்தை, அதில் நான் கற்றுக்குட்டி.

டெலஸ்கோப் இல்லை, வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கரும் இல்லை. பழைய டிஎஸ்எல்ஆர், 50 மிமீ லென்ஸ், டிரைபாட் இருக்கிறது. ஏதாவது தேறுமா?

தாராளமாகத் தேறும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியில் ஆரம்பியுங்கள். 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருந்தாலும் வானத்தில் சுமார் 3 டிகிரி அகலம், அதாவது ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த நீளம், அதனால் 50 மிமீ லென்ஸிலும் தெளிவாக விழும். சிக்கல் என்னவென்றால் பூமி சுற்றுவதால் விண்மீன்கள் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் நொடிவரை ஒரு படத்துக்கு ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, உங்களுக்கு 10 வரும். அதை நம்பாதீர்கள், அது ஃபிலிம் காலத்துத் தாராளம். சின்ன சென்சார் என்றால் 4 நொடியில் நிறுத்துங்கள். ரா ஃபார்மட், லென்ஸ் எஃப் 2.8, 300 படம். மொத்தம் 20 நிமிடம். அதற்குள் வானம் 5 டிகிரி திரும்பிவிடும், நடுநடுவே ஃபிரேமைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஃபோகஸுக்கு லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான விண்மீனை 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்புங்கள். புள்ளி சுருங்கிச் சுருங்கி, மறுபடி ஊதத் தொடங்கும். ஊதுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க, அதாவது ஸ்டாக் செய்ய, சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இரண்டு மென்பொருளும் இலவசம்.

அப்புறம், கிளம்பும் முன் ஃபிளாட் எடுங்கள், அதாவது ஒரே சீரான வெள்ளை வெளிச்சத்தைச் சில படம். தூசி நிழலையும் மூலை இருட்டையும் பிறகு நீக்க அதுதான் உதவும்.

எத்தனை படம் எடுத்தால் போதும்?

இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள், பாதியாகக் குறைய நான்கு மடங்கு படம் வேண்டும். 25-லிருந்து 100-க்குப் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், 100-லிருந்து 125-க்குப் போனால் கண்ணுக்கே தெரியாது. தூக்கம் வரும்வரை எடுங்கள்.

படத்தில் அங்கங்கே நடுவில் ஓட்டையோடு மங்கலான வட்டங்கள், மூலைகளும் இருட்டு. கேமரா போய்விட்டதா?

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வட்டங்கள் தூசியின் நிழல்: சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் தூசி சின்ன வட்டமாகவும், தள்ளி இருப்பது பெரிதாகவும் விழும். இதற்கும் மூலை இருட்டுக்கும் மருந்து ஃபிளாட்தான். டெலஸ்கோப் குழாயின் (அல்லது லென்ஸின்) வாயில் சுருக்கமில்லாமல் வெள்ளைத் துணியைக் கட்டி, வெள்ளைத் திரை ஓடும் டேப்லெட்டை அதன் மேல் வைத்து, ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) நடுவில் வருகிற மாதிரி 30 படம். ஃபோகஸை அசைக்கக் கூடாது, கேமராவைத் திருப்பக் கூடாது, முக்கியமாகக் கழற்றவே கூடாது. ஒருமுறை பனியில் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு, போர்வைக்குள் போன பிறகுதான் எனக்கு ஃபிளாட் ஞாபகம் வந்தது. ஆறு மணி நேரப் படம் வீண்.

ஆண்ட்ரோமீடாவுக்கு டூயல்பேண்ட் ஃபில்டர் வாங்கலாமா? நகர வெளிச்சம் தாங்கவில்லை.

வேண்டாம். அது இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் உள்ளே விடும், ஒளிரும் வாயு நெபுலாவுக்கானது. கேலக்ஸி என்பது விண்மீன் வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது, ஃபில்டர் அதையும் சேர்த்து வெட்டும். இருட்டான இடத்துக்குப் போங்கள்.

கண்ணால் பார்த்தால் எல்லாம் சாம்பல். நீங்கள் போடும் தங்க நிறம், நீல நிறம் எல்லாம் பெயின்ட் வேலைதானே?

இதற்காகத்தான் காத்திருந்தேன். சாம்பலாகத் தெரிவது கண்ணின் குறை. மங்கலான ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாகவும், ஆக்சிஜன் 500.7-இல் நீலப்பச்சையாகவும் நிஜமாகவே ஒளிர்கின்றன. கந்தகம் 672-ஐ ஒட்டி வருகிறது, அதுவும் சிவப்பு. ஹைட்ரஜனும் கந்தகமும் ஒரே சிவப்பில் கலந்தால் எது எங்கே என்று தெரியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பிரித்துப் போடுகிறோம். 1995-இல் ஹப்பிள் எடுத்த படைப்பின் தூண்கள் படமும் அப்படித்தான். நிலப்படத்தில் மேட்டுக்கு ஒரு நிறம், பள்ளத்துக்கு ஒரு நிறம் போடுகிறோமே, அதைப் பொய் என்பீர்களா?

(அவரே) சரி, ஹைட்ரஜன் பச்சை என்றால் உங்கள் படத்தில் ஏன் தங்கமாக இருக்கிறது?

மாட்டிக்கொண்டேன். ஹைட்ரஜன் மிக வலுவானது, அப்படியே விட்டால் படம் முழுக்கப் பச்சை. அதைத் தங்கமாகத் தள்ளுவது வெறும் ரசனை. ஒப்புக்கொள்கிறேன், படத்தின் கீழே எழுதியும் வைக்கிறேன்.

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நிறத்தை விடுங்கள், ஏஐ வைத்துக் கூர்மையாக்குகிறார்களே, அது?

அதுதான் உண்மையான சண்டை. நிறம் மாற்றினால் இருப்பதை வேறு மாதிரி காட்டுகிறோம், இல்லாத இழையை மென்பொருள் வரைந்தால் கதை வேறு. 2023-இல் மூன்று அமெச்சூர்கள், ஸ்ட்ராட்னர், டிரெக்ஸ்லர், செய்ன்டி, ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆக்சிஜன் வளைவை அறிவித்தார்கள். உலகமே சலிக்கச் சலிக்க எடுத்த இடம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறு டெலஸ்கோப்பிலும் அது தெரிந்ததால்தான் நம்பினார்கள். பின்னணியைச் சுத்தமாக்கும் கருவியை அவர்கள் கண்மூடித்தனமாக ஓட்டியிருந்தால் அந்த வளைவும் துடைத்துப் போயிருக்கும். ஃபிளாட் சரியில்லாதவர் படத்திலோ இல்லாத வளைவுகள் பத்து இருக்கும்.

ஓரியன் நெபுலாவின் நடு வெள்ளையாகக் கருகுகிறது.

5, 30, 120 நொடி என மூன்று தொகுப்பு எடுத்து, நடுவுக்குக் குறுகியதைக் கலக்குங்கள்.

எந்த கேமரா வாங்கலாம்?

இருப்பது போதும். முதலில் மவுண்ட், அதாவது வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கி.

எந்த கேமரா நல்லது, அண்ணா?

மேலே ஒரு வரி ஏறிப் பாருங்கள், தம்பி.

சனி வளையம் இதே செட்டப்பில் வருமா?

முதல் பத்தி.

என் படத்தில் வட்டம் வட்டமாக…

ஃபிளாட்.

அந்த ஃபிளாட்டை மறுநாள் காலையில் எடுக்கலாமா?

கேமராவைக் கழற்றவில்லை என்றால் தாராளமாக.

கழற்றிவிட்டேன்.

சரி, தூங்குங்கள்.