டிஜே வேலை சோறு போடுமா?

சென்னையில் டிஜேயாகவும், சொந்தமாக எலெக்ட்ரானிக் இசை அமைப்பவராகவும் இருக்கும் நான் இந்த வாரம் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

என் மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, டிஜே ஆகப்போகிறேன் என்கிறான். ராத்திரி முழுக்க லேப்டாப்பும் ஹெட்போனும்தான். இதில் மாதச் சம்பளம் உண்டா?
– ஒரு தாய், அயனாவரம்

பெரும்பாலும் கிடையாது அம்மா. சில ஹோட்டல் பார்களில் வாரத்துக்கு இத்தனை நாள் என்று பேசி ரெசிடென்ட் டிஜே வைத்துக்கொள்வார்கள். மற்றபடி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகப் பேசி வாங்குவதுதான். நம் ஊரில் கிளப் என்பது அநேகமாக ஹோட்டலுக்குள்தான் இருக்கிறது. அதிலும் கூட்டம் வருவது வெள்ளி, சனி இரவுகளில். அதனால் இங்கே பல டிஜேக்களுக்கு வாடகை கட்ட உதவுவது கல்யாண ரிசப்ஷனும் ஐடி கம்பெனி ஆண்டு விழாவும். ஆடி மாதம் கல்யாணம் இல்லை, கையில் காசும் இருக்காது. மார்கழியில் கல்யாணம் நின்றாலும் ஈசிஆர் பக்கம் நடக்கும் நியூ இயர் பார்ட்டிகள் காப்பாற்றிவிடும்.

ரிசப்ஷன் வாசிப்பதைக் கேவலமாக நினைக்கும் பையன்களை எனக்குப் பிடிக்காது. பேத்தி கேட்கும் பாட்டுக்குப் பாட்டியையும் எழுந்து ஆடவைக்க வேண்டும். கூட்டத்தின் நாடி பிடிக்கும் வித்தை அங்கேதான் கைக்கு வருகிறது.

ஆனால் உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்தவர் பாட்டைக் கலந்து வாசிக்க ஆசையா, சொந்தமாக இசை அமைக்க ஆசையா? இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலையில் அந்த இரவுக்கான கூலி கிடைக்கும். அவன் பெயரில் மிஞ்சப்போவது இரண்டாவதுதான். மும்பையில் சரண்ஜித் சிங் என்றொரு கலைஞர் இருந்தார். இந்திப் படங்களுக்கு வாசித்தவர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் 808 டிரம் மெஷின், 303 பேஸ் சிந்தசைசர் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களில் ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் அது மறுபடி வெளியானதும் உலகமே தேடிக் கேட்டது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவில் மேடையேறினார். அவர் சும்மா இருந்திருந்தால் தேடிக் கேட்க என்ன இருந்திருக்கும்?

திங்களும் செவ்வாயும் நான் எந்த நிகழ்ச்சியும் ஒத்துக்கொள்வதில்லை. கொளத்தூரில் என் அறையில் உட்கார்ந்து சொந்த டிராக்குகளை முடிக்கிறேன். மகனுக்கு நீங்கள் கெடு வைப்பதானால் இப்படி வையுங்கள்: வீட்டுச் செலவுக்கு நிகழ்ச்சிகளில் இவ்வளவு கொண்டுவர வேண்டும், அதோடு, முழுதாக முடித்த டிராக்குகளை உங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். திரும்பத் திரும்பச் சுற்றும் எட்டு பார் லூப் துண்டு போதாது, ஆரம்பமும் முடிவும் உள்ள டிராக். அப்புறம், நல்ல இயர்ப்ளக் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு.

பறை, தவில் சாம்பிள்களை (பதிவு செய்த ஒலித் துண்டுகளை) ஹவுஸ் என்ற நடன இசையின் பீட்டோடு சேர்த்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– இளைஞர், வியாசர்பாடி

கம்ப்யூட்டர் காட்டும் சம இடைவெளிக் கட்டங்களான கிரிட்டுக்குள் அடியை இழுத்து இழுத்துப் பொருத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. அப்படிச் செய்தால் வாசிப்பவரின் நடை செத்துப்போகும். வியாசர்பாடியில் இருந்துகொண்டு சாம்பிள் பேக் எதற்கு? பறை வாசிக்கும் அண்ணன் ஒருவரை அழைத்து, அவர் வேகத்திலேயே வாசிக்கவிட்டு ரெக்கார்டு செய்யுங்கள். டெம்போவை அதற்கேற்ப வைத்து, கிக்கை, அதாவது பேஸ் டிரம் அடியை, அதற்குக் கீழே போடுங்கள். கூலியைக் கையோடு கொடுங்கள், டிராக்கில் அவர் பெயரையும் போடுங்கள்.

மிஸ்ர சாபு மாதிரி ஏழு அடித் தாளம் வந்தாலும் பயம் வேண்டாம். நாலு கிக் சுற்றும் ஏழு அடிச் சுற்றும் 28 அடிக்கு ஒருமுறை சேர்ந்து விழும். அந்த இடத்துக்காகக் கூட்டம் காத்திருக்கப் பழகிவிட்டால் ஆட்டம் பிய்த்துக்கொண்டு போகும்.

ஒரு லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்) என் டிராக்குக்கு 20,000 ரூபாய் தருகிறேன், மொத்த உரிமையையும் எழுதிக் கொடு என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், வேளச்சேரி

காசு அவசரம் என்றாலும் கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஒரு டிராக்கில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: நீங்கள் அமைத்த இசை ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. வீட்டில் உங்கள் செலவில் நீங்களே செய்தது என்றால் இரண்டும் உங்களுடையவை. 2012இல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியபோது, ஒலிப்பதிவில் உள்ள இசைக்கு இசையமைப்பாளருக்கு வரவேண்டிய சம பங்கு ராயல்டியைச் சாதாரணமாக அவரே விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தார்கள். ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்கப் பார்த்தால் கேள்வி கேளுங்கள். காலம் எவ்வளவு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று அவர்கள் கவனமாக எழுதுவார்கள்.

விற்பதற்குப் பதில் மூன்று ஆண்டுக்கு லைசென்ஸ் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் நல்லது. மாட்டேன் என்றால் நீங்களே வெளியிடுங்கள். விநியோக நிறுவனம் மூலம் எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் போய்விடும். எது எப்படியானாலும் இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி, அந்த டிராக்கை உங்கள் பெயரில் பதிந்துவிட்டு அப்புறம் லேபிளிடம் பேசுங்கள்.