மூக்குக்குள் வெளிச்சம் அடித்தால் தும்மல் நிற்குமா?

மூக்கு அலர்ஜிக்கான ஒளி சிகிச்சை பற்றி வந்த கேள்விகளில் சில.

இது நிஜமாகவே வேலை செய்யுமா, இல்லை காசு பிடுங்கும் வித்தையா டாக்டர்?

வித்தை இல்லை. ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தில், தோல் நோய்களுக்குப் புற ஊதாக் கதிர் கொடுத்துப் பழகிய மருத்துவர்கள் அதையே மூக்கின் உள்சவ்வில் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான அவர்கள் ஆய்வில் 49 பேர். எல்லோரும் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தால் தும்மித் தவித்தவர்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளி 70%, புற ஊதாக் கதிரின் (யூவி) இரு வகைகளான யூவி-ஏ 25%, யூவி-பி 5% கலந்த கதிர், இன்னொரு பிரிவுக்குச் சும்மா மங்கலான வெளிச்சம், வாரம் 3 முறை, 3 வாரம். யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது. கதிர் பட்டவர்களுக்குத் தும்மல், மூக்கொழுகல், அரிப்பு நன்றாகவே குறைந்தன. அலர்ஜியைக் கிளப்பும் உயிரணுக்கள் அந்தக் கதிரில் மடிகின்றன, தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரப்பதும் குறைகிறது. ஆனால் 49 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், அதனால் என் கணக்கில் இது மருந்து ஒத்துவராதவர்களுக்கான வழி, முதல் வழி அல்ல.

ஆன்லைனில் மூக்கில் மாட்டும் சிவப்பு லைட் கருவி வாங்கினேன். அதுவும் இதுதானே?

இல்லை. அதில் புற ஊதாக் கதிரே கிடையாது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை வைத்து 1997-இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வந்தது, வெறும் அலர்ஜி இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்குத் தெரியவில்லை. 'சதையும் கரையும், சைனஸும் ஓடும்' என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். வாங்கியதை வீசவும் வேண்டாம், அதை நம்பி மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

யூவி என்றால் புற்றுநோய் வராதா?

நியாயமான பயம். கதிர் பட்டதும் உயிரணுக்களின் டிஎன்ஏவில் சேதம் தெரிகிறது, பிறகு உடம்பே அதைச் சரிசெய்துவிடுகிறது. அதற்காக வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டே இருக்கலாமா என்றால், நான் சம்மதிக்க மாட்டேன். மற்றபடி அடிக்கடி வரும் தொல்லை மூக்கு வறட்சிதான்.

முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன். எடுத்துக்கொள்ளலாமா?

இப்போது வேண்டாம். அந்த மாத்திரை ஒளிக்கு உடம்பைக் கூச வைக்கும்.

காலை வெயிலில் அண்ணாந்து உட்கார்ந்தால் போதாதா?

மூக்கு நுனிதான் கறுக்கும்!

மூக்கு ஸ்பிரே 4 நாள் அடித்தேன், பலனில்லை. ஒளிக்குப் போகட்டுமா?

ஸ்டீராய்டு ஸ்பிரே என்றால் முழுப்பலன் தெரியவே 2 வாரம் ஆகலாம், அதற்குள் ஏன் அவசரம்? அண்ணாந்து அடித்து 'சர்ர்' என்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையை லேசாகக் குனிந்து, வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும், முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு வேறு சமாசாரம், அதைச் சில நாட்களுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும். பாட்டிலில் எந்தப் பெயர் என்று முதலில் பாருங்கள்.