டெல்டா இறக்கை மாடல் திடீரெனப் புரள்வது ஏன்?

கேள்வி: பொறியியல் மாணவன் நான். முன்விளிம்பில் 60 பாகை பின்சாய்வுள்ள டெல்டா (முக்கோண) இறக்கை மாடல் விமானம் ஒன்றை ஃபோம் அட்டையில் செய்திருக்கிறேன். மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கவிட்டால், 20 பாகையில்கூட ஸ்டால் ஆகாமல், அதாவது தூக்குவிசையை இழக்காமல், மிதக்கிறது. பக்கவாட்டில் காற்று அடித்தால் மட்டும் சட்டென்று புரண்டு விழுகிறது. ஏன்?

பதில்: மிதப்பதற்கும் புரள்வதற்கும் காரணம் ஒன்றே. இறக்கையின் மேற்புறத்தில், முன்விளிம்புகளை ஒட்டி உருளும் இரண்டு காற்றுச் சுழல்கள்தாம் அது.

நேர் இறக்கையில் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம்) 15 பாகையை நெருங்கும்போது காற்றோட்டம் மேற்பரப்பை விட்டுப் பிரிய, தூக்குவிசை சரிந்துவிடும். கூரான முன்விளிம்புள்ள டெல்டாவில் சில பாகைகளிலேயே காற்று விளிம்பில் பிரிந்துவிடுகிறது. ஆனால் அது சிதறிப்போகாமல், மூக்கு முனையில் தொடங்கிப் பின்னோக்கி விரியும் சுழலாகச் சுருண்டு, மையத்தில் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்து இறக்கையை மேலே இழுக்கிறது. ஃபிளாப் (தரையிறங்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கப்படும் பின்விளிம்புத் தகடு) இல்லாத கான்கார்டு பயணிகள் விமானம் மூக்கை உயர்த்தியபடி தரையிறங்க முடிந்தது இந்த விசையால்தான்.

இந்தச் சுழலுக்கு ஓர் எல்லை உண்டு. தாக்குகோணம் கூடும்போது, அதன் மையத்தில் பின்னோக்கி விரையும் காற்று ஓரிடத்தில் திடீரெனத் தேங்க, இறுகிய சுழல் ஊதிப் பெருத்துக் கலங்கிவிடுகிறது; இதையே சுழல் உடைவு என்கிறோம். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லாம்போர்னும் பிரையரும் நீரில் சாயம் செலுத்தி எடுத்து 1961இல் வெளியான படத்தில், ஒரே இறக்கையின் ஒரு சுழல் திருகாகவும் மற்றது குமிழாகவும் உடைவதைக் காணலாம். அவசியம் தேடிப் பாருங்கள். 60 பாகை பின்சாய்வில் இந்த உடைவு ஏறத்தாழ 15 பாகைத் தாக்குகோணத்தில் பின்விளிம்பைத் தொட்டு, மேற்கொண்டு மூக்கைத் தூக்கத் தூக்க முன்னேறி வருகிறது. ஆகவே 20 பாகையில் உங்கள் சுழல்கள் இறக்கையின் மேலேயே உடைந்துகொண்டிருக்கின்றன.

அந்த நிலையில் மாடல் 10 பாகை பக்கவாட்டில் சறுக்கினால், காற்றை எதிர்கொள்ளும் இறக்கையின் பின்சாய்வு 50 பாகையாகக் குறைந்ததற்கும் மறுபக்கத்தினுடையது 70 ஆகக் கூடியதற்கும் ஏறக்குறைய ஒப்பாகும். எதிர்கொள்ளும் பக்கத்தில் உடைவு மூக்கு முனையை நோக்கிப் பாய்கிறது, மறுபக்கத்தில் பின்வாங்குகிறது. தூக்குவிசையை இழந்த பக்கம் தாழ்கிறது. சிறிய தாக்குகோணத்தில் இதே சறுக்கல் அந்தப் பக்கத்தை உயர்த்தி மாடலை நிமிர்த்தியிருக்கும் என்பதால்தான் இந்தத் தலைகீழ் மாற்றம் பறக்கவிடுபவரை ஏமாற்றிவிடுகிறது.

மேற்பரப்பில் மெல்லிய கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, மேசை விசிறியின் முன் மாடலைச் சாய்த்துப் பிடித்து, மெதுவியக்கத்தில் படமெடுங்கள். சுழலின் கீழே வெளிப்புறமாகச் சாய்ந்து படிந்திருக்கும் நூல்கள், உடைவுக்குப் பின்னால் துடிக்கத் தொடங்கும். விசிறிக் காற்றே கலங்கியது என்பதால் இதில் கோணத்தைத் துல்லியமாக அளக்க இயலாது. இரு பக்கங்களின் வேறுபாட்டைக் காண இது போதும்.

தீர்வாக, எலிவான் (மூக்கை ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் சாய்க்கவும் உதவும் பின்விளிம்புத் தகடு) அசைவைக் குறைத்துத் தாக்குகோணம் 15 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. உடைவு பின்பகுதியின் தூக்குவிசையைக் குறைத்து மூக்கை மேலும் உயர்த்தக்கூடும் என்பதால், எடைமையத்தைச் சற்று முன்னே நகர்த்துவதும் நல்லது. எப்போதும் ஒரே பக்கமாகவே புரண்டால், இரு முன்விளிம்புகளும் ஒன்றுபோல் சீவப்பட்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.