ரெய்டு உடைந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள்

ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை, கடையிலோ ஆபீசிலோ சாஃப்ட்வேர் ரெய்டு வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல வேலை செய்ய வைப்பதுதான் ரெய்டு, அப்படிச் சேர்ந்த தொகுப்பு அரே. லினக்ஸின் எம்டி ரெய்டு, மதர்போர்டோடு வரும் இன்டெல் ரெய்டு இரண்டும் கலந்திருக்கின்றன. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ராமேஸ்வரம், லாட்ஜ்: அண்ணே, பில்லிங் சர்வரில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா எழுதும் மிரர், லினக்ஸ். அடிக்கடி ஒரு டிஸ்க் தானாக வெளியே போய்விடுகிறது. புது டிஸ்க் மாற்றியும் அதே கதைதான்.

புது டிஸ்க்கும் போகிறது என்றால் டிஸ்க் மேல் சந்தேகப்படுவதை நிறுத்துங்கள் தம்பி. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 199 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்து வந்த தடவைகளை அது எண்ணி வைக்கும். அது ஏறிக்கொண்டே போய், கெட்ட செக்டார்களை (டேட்டா எழுதும் சிறு கட்டங்களை) எண்ணும் 5, 197 ஆகிய வரிகள் பூஜ்யத்திலேயே இருந்தால் கோளாறு சாட்டா கேபிளில், அல்லது பவர் கனெக்டரில். இந்தத் தீவில் உப்புக்காற்று எதைத்தான் விட்டது? பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியே துருப்பிடித்து, 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. கேபிளின் மெல்லிய தகடு எம்மாத்திரம்!

கேபிளை மாற்றுங்கள். சர்வரை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். 199-ன் எண்ணிக்கை கீழே இறங்காது, மேலே ஏறாமல் இருந்தால் போதும். அப்புறம் அதே பழைய டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கலாம். அரேயில் பிட்மேப், அதாவது எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு, இருந்தால் இடையில் மாறிய பகுதிகள் மட்டும் சில நிமிடத்தில் ஒத்துக்கொள்ளும். இல்லையென்றால் 4 டிபி டிஸ்க்கை முழுதாக எழுத 7, 8 மணி நேரம் ஆகும். 100 ஜிபிக்கு மேல் உள்ள அரேக்கு எம்டி ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கட்டளை தானாகவே பிட்மேப் போட்டுவிடும், அல்லது போடட்டுமா என்று கேட்கும். உங்களுடையது பழையது என்றால் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓடுகிற அரேயிலேயே சேர்க்கலாம்.

கீழக்கரை, ஸ்டுடியோ: சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நான்கு போட்டு ரெய்டு 5, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை. ஒன்று போனது, மாற்றினோம். புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும் ரீபில்டு பாதியில் இன்னொன்றும் போய்விட்டது. கல்யாண வீடியோக்கள் அத்தனையும் அதில்தான் பாய்.

முதலில், அரேயைப் புதிதாக 'கிரியேட்' செய்யாதீர்கள். இணையத்தில் அப்படிச் சொல்லும் ஆலோசனைகள் உண்டு. டிஸ்க்குகளின் வரிசையோ, டேட்டாவைப் பிரிக்கும் துண்டின் (சங்க்) அளவோ ஒன்று மாறினாலும், டிஸ்க்குகளை ஒத்துப்போக வைக்கப் பிறகு ஓடும் ரீசிங்க் மிச்சமிருப்பதையும் அழித்துவிடும்.

இரண்டாவது டிஸ்க் உண்மையில் செத்திருக்காமல் இருக்கலாம். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க ஒன்றிரண்டு நிமிடம்கூட முட்டி மோதிக்கொண்டிருக்கும். லினக்ஸ் கெர்னலோ 30 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் லிங்கை ரீசெட் செய்யும். படிக்க முடியாத இடத்தை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடுவதுதான் எம்டியின் வழக்கம். ஆனால் டிஸ்க் இன்னும் பழைய வேலையிலேயே மூழ்கியிருப்பதால் அந்த எழுத்தும் தோற்கும், டிஸ்க் வெளியே தள்ளப்படும். ஒரு கெட்ட செக்டாருக்காக ஒரு முழு டிஸ்க். ரீபில்டிலோ ஏற்கெனவே ஒரு டிஸ்க் குறைவு, அப்படிக் கணக்கிடவும் வழியில்லை. அதோடு எல்லா டிஸ்க்கும் மூலை முடுக்கு விடாமல் படிக்கப்படுவதால், வருடக்கணக்கில் யாரும் தொடாத கெட்ட செக்டார் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

இப்போது செய்ய வேண்டியது: தள்ளப்பட்ட டிஸ்க்கை கெட்ட இடங்களைத் தாண்டிப் படிக்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மற்றவற்றையும் நகல் எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு நகல்களை வைத்து எம்டிஅட்மில் 'அசெம்பிள், ஃபோர்ஸ்' செய்யுங்கள், அதாவது இருக்கும் டிஸ்க்குகளைக் கட்டாயமாகச் சேர்த்து எழுப்புங்கள். அரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஈவென்ட் எண்கள் ஒவ்வொரு டிஸ்க்கிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து முதலில் வீடியோக்களை வெளியே எடுங்கள்.

இனிமேலுக்கு: ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை மூலம் டிஸ்க்கின் எர்ரர் ரெக்கவரி நேரத்தை 70 என்று வையுங்கள், அதாவது 7 விநாடி. கரண்ட் போனால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் போட வேண்டும். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் கெர்னலின் பொறுமையை 30-லிருந்து 180 விநாடிக்கு ஏற்றுங்கள். இந்தப் பிரச்சினை டிரைவர் அப்டேட்டில் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

புது டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை இல்லாததாகப் பாருங்கள். டிராக்குகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை அது, ரீபில்டில் திணறிவிடும். 2020-ல் டபிள்யூடி ரெட் வரிசையின் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையே ஆனது.

மண்டபம், ஐஸ் பிளான்ட்: கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கி சர்வர் ஆஃப் ஆகிறது சார். ரெய்டு 5 என்பதால் பயமில்லை என்று செட்டப் செய்தவர் சொன்னார்.

பயம் இருக்கிறது. ரெய்டு 5-ல் டேட்டாவும், ஒரு டிஸ்க் போனால் அதைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டியும் வெவ்வேறு டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. ஒன்று எழுதி மற்றது எழுதும் முன் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. எல்லா டிஸ்க்கும் நலமாக இருக்கும்வரை இது தெரியாது. பின்னால் ஒரு டிஸ்க் போகும்போது, அந்தத் தப்பான பாரிட்டியை வைத்துத்தான் கணக்கு போடப்படும். அன்று எழுதாத பழைய ஃபைல்கூட அதில் சிக்கலாம். இதைத்தான் 'ரைட் ஹோல்' என்கிறார்கள்.

கெர்னல் 4.4-ல் இதற்கு, எழுதப்போவதை முதலில் குறித்துவைக்கும் ஜர்னல் வந்தது, அதற்குத் தனி எஸ்எஸ்டி வேண்டும். 4.12-ல் பாரிட்டி விவரத்தை அதே டிஸ்க்குகளில் குறித்துவைக்கும் பிபிஎல் வந்தது, தனி டிஸ்க் தேவையில்லை, ஆனால் எழுதும் வேகம் 30, 40 சதவீதம் வரை குறையலாம். ரெய்டு 5-க்கு மட்டுமே அது. பிபிஎல், பிட்மேப் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது.

என்னைக் கேட்டால், கணக்குப் புத்தகமும் ரசீதும் வைக்கும் சர்வருக்கு ரெய்டு 5 எதற்கு? இரண்டு டிஸ்க் மிரர் போடுங்கள், பாரிட்டியும் இல்லை, இந்தப் பிரச்சினையும் இல்லை. கூடவே கம்ப்ரஸர் லைனிலிருந்து சர்வரைப் பிரித்து ஒரு யுபிஎஸ். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பிளான்ட்டில் வேலை குறைவு. மாற்றுவதை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

தேவிபட்டினம்: பழைய கம்ப்யூட்டரில் 3 டிபி டிஸ்க் போட்டேன், ரெய்டு மோடில் 746 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பழைய இன்டெல் ரெய்டு டிரைவர் செக்டாரை 32 பிட்டில்தான் எண்ணும். அதாவது 2.2 டிபி வந்ததும் மறுபடி பூஜ்யம், மிச்சமுள்ள 0.8 டிபிதான் விண்டோஸ் கணக்கில் 746 ஜிபி. டிரைவர், பயாஸில் ரெய்டுக்கான ஆப்ஷன் ரோம் இரண்டுமே 10.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். டிரைவரை மட்டும் ஏற்றினால் போதாது. சரிசெய்யும் வரை அதில் எதையும் எழுதாதீர்கள்.

ஏர்வாடி: புது லேப்டாப்பில் விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே இல்லை என்கிறது.

11-ம் தலைமுறை இன்டெல்லிலிருந்து டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்று ஒன்று நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதற்கான ஆர்எஸ்டி (இன்டெல்லின் ஸ்டோரேஜ்) டிரைவரை பென்டிரைவில் வைத்து 'லோடு டிரைவர்' கொடுங்கள். ஒற்றை டிஸ்க்தான், ரெய்டு வேண்டாம் என்றால் பயாஸில் விஎம்டியை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யலாம்.

தொண்டி: மதர்போர்டு மிரர் ஒரு நாள் திடீரென்று இரண்டு தனி டிஸ்க்காகத் தெரிந்தது.

பயாஸ் கடிகாரம் பழைய தேதி காட்டியதா? அப்படியென்றால் பயாஸ் செட்டிங்கைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, செட்டிங் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ எனும் சாதாரண டிஸ்க் முறைக்குத் திரும்பியிருக்கும். உடனே கவனித்தால் பேட்டரி மாற்றி ரெய்டு மோடுக்குப் போங்கள், மிரர் வந்துவிடும். நடுவில் ஒரு டிஸ்க்கில் எழுதியிருந்தால்தான் சிக்கல்: இரண்டும் வேறாகியிருக்கும், டிரைவர் அது தெரியாமல் எல்லாம் சரி என்றே காட்டும். புதிய டேட்டா உள்ளதை நகல் எடுத்துவிட்டு, அதிலிருந்து மிரரைப் புதிதாகக் கட்டுங்கள்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: 1 டிபியும் 2 டிபியும் சேர்த்து ரெய்டு 0, டேட்டாவை இரண்டிலும் பிரித்து எழுதும் வகை. கெர்னல் அப்டேட் செய்ததும் அரே எழவில்லை.

அப்டேட் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது தம்பி. அளவு வேறான டிஸ்க்குகளில், சிறியது தீர்ந்த பிறகு வரும் பகுதியை அடுக்கும் முறை கெர்னல் 3.14-ல் யாரும் கவனிக்காமலே மாறிப்போனது. பழைய அரேயைப் புது கெர்னலில் திறந்தால் டேட்டா கெடும். 5.4-ல் அதைத் திருத்தியபோது, எந்த முறை என்று நீயே சொன்னால்தான் எழுப்புவேன் என்று ஆக்கிவிட்டார்கள். கெர்னலின் ரெய்டு0 மாட்யூலுக்கு நீ கொடுக்க வேண்டிய டிஃபால்ட் லேஅவுட் மதிப்பு: 3.14-க்கு முன் எழுதியது என்றால் 1, பின் என்றால் 2. தெரியாவிட்டால் ரீட்-ஒன்லியாக இரண்டையும் முயன்று, பெரிய ஃபைல்களைத் திறந்து பார். ஒரே அளவு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

உச்சிப்புளி, அச்சகம்: அண்ணா, மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் டெபியன் சர்வர் மந்தமாகிறது. மிஸ்மேட்ச் என்று ஒரு எண்ணும் வருகிறது. டிஸ்க் போகப்போகிறதா?

இல்லைம்மா. டெபியன் அன்று நள்ளிரவுக்குப் பின் அரே முழுவதையும் படித்துச் சரிபார்க்கிறது. கீழக்கரை பாய்க்கு வந்த மாதிரி கெட்ட செக்டாரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது இதுதான், நிறுத்திவிடாதீர்கள். ஞாயிறும் அச்சு ஓடுகிறதென்றால் அதிகபட்ச வேக வரம்பை விநாடிக்கு 2,00,000 கேபியிலிருந்து 50,000 ஆக்குங்கள், மெதுவாக முடியட்டும். மிஸ்மேட்ச் என்பது டிஸ்க்குகள் ஒத்துப்போகாத இடங்களின் எண்ணிக்கை. மிரரில் ஸ்வாப், அதாவது மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம், இருந்தால் அந்த எண் பூஜ்யத்துக்கு மேல் வருவது சகஜம். ரெய்டு 5 அல்லது 6-ல் வந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், கூடவே ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரமும்.