ராத்திரியில் இல்லாத காலை ஊன்றுகிறார்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரைப் புண் ஆறாமல், எட்டு மாதம் முன்பு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் போட்டு டீக்கடை வரை நடந்துகொண்டிருந்தவர், ஒரே மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். இரண்டுமே ராத்திரி, மோரிக்கு (வீட்டுக்குள் குளிக்க, கழுவ இருக்கும் மூலைக்கு) போக எழுந்தபோது. "இனி நடக்கவே வேண்டாம், படுத்தே இருக்கட்டும்" என்கிறார் அம்மா. என்ன செய்வது, மேடம்?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: படுக்க வைத்துவிடாதீர்கள் அம்மா. இடுப்பும் தொடையும் வலுவிழந்தால் பகலிலும் விழ ஆரம்பித்துவிடுவார். கால் இழந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். கவனமில்லாமல் போனார் என்று யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

தூங்கும்போது செயற்கைக் காலைக் கழற்றியிருப்பார். மூளைக்கோ அந்தக் கால் இன்னும் இருக்கிறது. வலது பாதம் அரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார். அரைத் தூக்கத்தில் போர்வையை விலக்கி, பழக்கத்தில் அந்தப் பாதத்தைத் தரையில் ஊன்றப் போவார். என்னிடம் வந்த ஒரு பெரியவர் இப்படி விழுந்ததில் ஆறிய தையல் மறுபடி பிரிந்தது. வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி, அவர் இறங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். கை அதில் பட்டதும் நினைவு வரும். விடிவிளக்கு எரியட்டும். யூரின் கேன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ராத்திரியில் மோரிக்கே போக வேண்டாம். மோரியின் திண்டும் ஈரத்தரையும் ஒற்றைக் காலில் குதித்துத் தாண்டுகிற இடமல்ல. குளிக்கும்போது ஸ்டூலில் உட்காரட்டும். பிடிக்கக் குழாய் வேண்டாம், சுவரில் கம்பி பதியுங்கள்.

எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்றும் கேளுங்கள். ராத்திரியில் சர்க்கரை இறங்கினாலும் விழுவார்கள். அப்படியென்றால் மாத்திரை அளவை டாக்டர்தான் பார்க்க வேண்டும். இடது பாதத்தைத் தினமும் நீங்களே தடவிப் பாருங்கள். அதில் உணர்ச்சி குறைந்திருந்தால், தரையைச் சொல்லித் தர அவருக்கு எந்தப் பாதமும் இல்லை என்று அர்த்தம்.

பகல் நடைக்குப் பயிற்சி வேண்டும். நாம் லேசாகச் சாய்ந்தாலே கணுக்கால் பிடித்து நிறுத்திவிடும். அவருக்கு அந்த வேலையை இடுப்புதான் செய்ய வேண்டும். செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு சமையல் மேடையைப் பிடித்து நிற்கட்டும். அந்தக் காலுக்கு அடியில் எடை மெஷின், மற்றதற்கு அடியில் அதே உயரப் பலகை. மெல்ல வலப்பக்கம் பாரத்தை மாற்றட்டும். நீங்கள் பின்னால் நின்று இடுப்பில் கை வையுங்கள். 70 கிலோ ஆள் முதல் நாள் 20 கிலோதான் ஊன்றுவார், அந்தக் காலை நம்பமாட்டார். 35 வந்துவிட்டால் நடையே மாறும்.

இத்தனை மாதத்தில் மொட்டைக் கால் சுருங்கியிருக்கும். சாக்கெட் (செயற்கைக் காலில் மொட்டைக் கால் நுழையும் கூடு) ஆடினால், உரலுக்குள் உலக்கை போல் கால் அதற்குள் குலுங்கினால், மொட்டைக் காலுக்குச் சாக்ஸ் கூட்டிப் போடுங்கள். நாலைந்து அடுக்கு தேவைப்பட்டால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனத்தில் கேளுங்கள், மகாலட்சுமி ஸ்டேஷனில் இறங்கலாம். எடை மெஷின் காட்டிய எண்களைத் தேதி போட்டு எழுதிய தாளையும், அவர் இப்போது போடும் சாக்ஸ் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.