பயிற்சித் தகட்டில் ரிவெட் கழற்றும்போது ஓட்டை ஏன் நீள்வட்டமாகிறது?

ஹட்டனில் வீடு, கொழும்பில் விமானப் பராமரிப்புப் படிப்பு. லீவுக்குக் கொண்டுவந்த பயிற்சித் தகட்டில் ரிவெட்டை (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தறையாணி) கழற்றினால் ஓட்டையெல்லாம் கோணிப்போகிறது. தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் மாமா "உளியை வெச்சு ஒரே போடு" என்கிறார். இதுதானே தம்பி கேள்வி?

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். ரோலர் மேசை இரும்புக்கு அவர் வழி சரி. உங்கள் கையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிப்புகூட இல்லாத அலுமினியம். உளி தலையை வெட்டுமுன் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும், தண்டு ஓட்டையை இழுத்துவிடும். உளி நழுவிக் கீறினால், நாளைக்கு வெடிப்பு அந்தக் கீறலில்தான் ஆரம்பிக்கும்.

உங்களுடையது 1/8 அங்குல யுனிவர்சல் தலை (லேசாக வளைந்து புடைத்த தலை) ரிவெட் என்றே வைத்துக்கொள்கிறேன். ஏ.டி. வகையென்றால் (2117 என்ற அலுமினியக் கலவையில் செய்தது) தலை நடுவில் சின்னக் குழி இருக்கும். இல்லாவிட்டால் தலை உச்சியை அரத்தால் லேசாகத் தட்டையாக்கி, பின்னால் இரும்புக் கட்டை முட்டுக் கொடுத்து, சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை எஃகுக் கருவியால் நடுவில் புள்ளி வையுங்கள். டிரில்லை உடனே ஓட்டாதீர்கள். பிட் முனையைப் புள்ளியில் வைத்து பிட்டைப் பிடித்திருக்கும் டிரில் வாயை (சக்) கையாலேயே நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வளையம் நடுவில் விழவில்லை என்றால் புள்ளியைத் திருத்துங்கள். ஓட்டை கோணுவது பெரும்பாலும் இங்கேதான்: பிட் நடு விலகினால் தண்டை விட்டுத் தகட்டைத் தின்னும்.

1/8 ரிவெட் ஓட்டைக்கான நம்பர் 30 பிட் கேட்டால் டவுன் ஹார்ட்வெயாரில் 3.3 மி.மீ. பிட்டை நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றல்ல. நம்பர் 30 என்பது 3.26 மி.மீ. இன்ச் சாமானைப் படிக்கச் சொல்லிவிட்டு மில்லிமீட்டர் கடைக்கு அனுப்புகிறார்கள், பாவம் பிள்ளைகள். தலையைத் துளைக்க இரண்டுமே வேண்டாம். தண்டு 3.18, அதனால் 3 மி.மீ. பிட் போதும்.

தலையின் உயரம் சுமார் 1.4 மி.மீ. அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுழன்றால் பின்பக்கம் அடித்துத் தட்டையாக்கிய தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் ஓட்டை அகலும். துளைக்குள் ‘பின் பஞ்ச்’ என்ற மெல்லிய, நேரான எஃகுக் கருவியை விட்டு மெதுவாகச் சாய்த்தால் தலை மோதிரம்போல் கழன்று வரும். பிறகு தண்டைச் சுற்றித் தகட்டின் பின்னால் துளையிட்ட மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, 3 மி.மீ. பஞ்சால் தட்டுங்கள். முட்டு இல்லாமல் தட்டினால் தகடு குழியும். வர மறுத்தால் பலமாக அடிக்காதீர்கள். தண்டின் நடுவில் இன்னும் கொஞ்சம் துளைத்தால் இறுக்கம் விடும்.

ஓட்டை கெட்டுவிட்டால் அடுத்த பெரிய அளவான 5/32 அங்குல ரிவெட்டுக்குப் போகலாம்தான். ஆனால் தகட்டு விளிம்பிலிருந்து ஓட்டையின் நடுவுக்கு ரிவெட் விட்டத்தின் இரு மடங்காவது வேண்டும். 1/8-க்கு 6.35 மி.மீ. இருந்தால் சரி, 5/32-க்கு 7.9 வேண்டும். விளிம்போர வரிசையில் பல நேரம் அந்த இடம் இருக்காது.

"மேனுவலைப் பார்க்காமல் சொல்கிறாயே" என்று யாராவது வருவார்கள். இது பயிற்சித் தகட்டுக்கு ஐயா. பறக்கும் விமானத்தில் பழுதுநீக்க மேனுவலும் உரிமம் பெற்றவரின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு ரிவெட்டையும் தொடக்கூடாது.

மாமாவின் அரத்தை மட்டும் கடன் வாங்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் அலுமினியத்தில் பதிந்துவிடும், நம்ம ஊர் ஈரத்துக்கு அந்த இடம் அரிக்கும். பென்சிலால் கோடு போடுவதும் வேண்டாம், அந்தக் கரியும் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா வாங்குங்கள்.